சீன இலையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாலும்

டீ எங்கிருந்து வந்தது என்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ விசாரித்தால் மூன்று பதில்கள் வரும். வெள்ளைக்காரன் ஓசியில் ஊற்றிக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போனான் என்பது பெரியவர்களின் பதில். சீனாக்காரன் கண்டுபிடித்தது என்பது பள்ளிக்கூடத்துப் பதில். காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதருமர்தான் சீனாவுக்கே டீயைக் கொடுத்தார் என்பது மூன்றாவது. 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்து போதிதருமர் பெயர் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கிய பிறகு இந்தப் பதிலுக்கு மவுசு கூடிவிட்டது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றும் சொல்லாமல் விடுவதோ அதைவிட அதிகம். குறிப்பாக, இலை பறித்தவர்களும் பால் கறந்தவர்களும் இவற்றில் எங்கும் இல்லை.

மூன்றாவது பதிலிலிருந்தே தொடங்கலாம், அதுதான் சுலபமாக உடைவது. ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்துத் தியானம் செய்த போதிதருமர், தூக்கம் வந்ததால் கோபம் கொண்டு தன் கண்ணிமைகளை அறுத்து எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பது கதை. ஜப்பானியர்களுக்கு மிகவும் பிடித்த கதை இது. போதிதருமர் வாழ்ந்த காலமாகச் சொல்லப்படுவது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகள். ஆனால் கி.மு. 141இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில், இன்றைய சியான் நகருக்கு அருகே, தேயிலை மொட்டுகள் கிடைத்திருக்கின்றன. அதை ஆய்வாளர்கள் 2016இல் உறுதிசெய்து வெளியிட்டார்கள். கி.மு. 59இல் சிச்சுவான் பகுதியைச் சேர்ந்த வாங் பாவ் என்ற எழுத்தாளர் வேடிக்கையாக ஓர் அடிமை ஒப்பந்தம் எழுதினார். அதில் வேலைக்காரனின் கடமைகளுள் தேநீர் காய்ச்சுவதும், வூயாங் சந்தைக்குப் போய்த் தேயிலை வாங்கி வருவதும் சேர்ந்திருக்கின்றன. போதிதருமருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே தேயிலை கடைச்சரக்காகிவிட்டது.

ஆனாலும் அந்தக் கதை சும்மா பிறக்கவில்லை. 8ஆம் நூற்றாண்டில் ஃபெங் யான் என்பவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. தாய் மலையின் லிங்யான் மடத்தில் தியான பௌத்தத் துறவிகள் இரவில் தூங்கக் கூடாது, மாலையில் உண்ணவும் கூடாது. ஆனால் தேநீர் குடிக்கலாம். அவர்களைப் பார்த்து ஊர்மக்களும் பழகினார்கள், கடைகள் முளைத்தன என்கிறார் அவர். தூக்கத்தை விரட்ட உதவிய பானம் என்பது வரலாறு. இமையை அறுத்தது அதன் மேல் ஏறிய அலங்காரம். இந்தத் தூக்கச் சங்கதியை நினைவில் வையுங்கள், ராஜபாளையத்து மில்களுக்குப் போகும்போது மறுபடி தேவைப்படும்.

சீனர்கள் டீயை எப்படிக் குடித்தார்கள் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. தொடக்கத்தில் இலையைக் கஞ்சிபோலக் காய்ச்சினார்கள். இஞ்சி, வெங்காயத் தாள், ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் உள்ளே போயின. தாங் காலத்தில் லூ யூ (733–804) வந்து இதையெல்லாம் அடித்து நொறுக்கினார். மூன்று பகுதிகளும் பத்து அத்தியாயங்களும் கொண்ட அவருடைய ‘சா சிங்’தான் தேநீருக்கென்றே எழுதப்பட்ட முதல் பெருநூல். எந்த ஊர்த் தண்ணீர் நல்லது, எந்தக் கிண்ணத்தின் நிறம் தேநீருக்குப் பொருந்தும், கொதியில் குமிழி எந்த அளவு வரும்போது பொடியைப் போட வேண்டும் என்று அவர் விதித்துக்கொண்டே போகிறார். இஞ்சியும் தோலும் போட்டுக் காய்ச்சிய நீர் சாக்கடையில் கொட்டத்தான் லாயக்கு என்பது அவர் தீர்ப்பு. உப்பை மட்டும் விட்டுவைத்தார். நம்மூர் இஞ்சி டீயை அவர் தொட்டிருக்கவே மாட்டார். ஆனால் அவருக்கு முந்தைய சிச்சுவான்காரர் ஒருவர் அதைக் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டிருக்கக்கூடும்.

சோங் காலத்தில் முறை மாறியது. தேயிலைக் கட்டியை அரைத்துப் பொடியாக்கி, கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் அடித்து நுரை எழுப்பினார்கள். யாருடைய நுரை வெள்ளையாக, அதிக நேரம் நிற்கிறது என்று போட்டியே நடந்தது. ஹுய்சோங் பேரரசர் 1107 வாக்கில் இதைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். நாட்டை ஆண்டதைவிட நுரையை நன்றாக ஆண்டவர் அவர். பிறகு 1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர், குடிகளுக்குச் சுமையாகிறது என்று சொல்லி, கட்டித் தேயிலையைக் கப்பமாகச் செலுத்துவதை நிறுத்தினார். உதிரி இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் அதன்பின்தான் ஊன்றியது. அழகான சிறு பானை, இளம்பச்சை நீர், பாலும் சர்க்கரையும் இல்லாத தெளிவு என்று நாம் காலங்காலமானதாக நினைக்கும் ‘சீன டீ’க்கு வயது சுமார் 600 மட்டுமே.

பால் கலப்பது வெள்ளைக்காரன் செய்த காரியம் என்பதும் பாதி உண்மைதான். சீனத்தின் வடக்கு, மேற்கு எல்லைகளில் மங்கோலியர் பாலும் திபெத்தியர் வெண்ணெயும் சேர்த்துக் குடித்தார்கள். அந்த வணிகம் எவ்வளவு பெரிது என்றால், சோங் அரசு 1074இல் சிச்சுவானில் தேயிலை கொடுத்துக் குதிரை வாங்குவதற்கென்று தனி அலுவலகமே அமைத்தது. பின்னாளில் சீனத்தை ஆண்ட மஞ்சூ அரசர்களின் அவையிலும் பால் டீ புழங்கியது. ஆடு, மாடு, குதிரையோடு வாழ்ந்தவர்களிடம் இலை போய்ச் சேர்ந்தபோதெல்லாம் பால் அதற்குள் இறங்கியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததும் இதுவேதான் என்பது என் கணிப்பு.

ஆனால் ஏன் இவ்வளவு தாமதமாக? தமிழருக்கும் சீனருக்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. சோழர் தூதுக்குழு 1015இலும் 1077இலும் சோங் அவைக்குப் போனது. நாகப்பட்டினத்தில் 1267இல் சீனர் எழுப்பிய கோபுரத்தைப் பற்றி 14ஆம் நூற்றாண்டுச் சீன நூல் பேசுகிறது. சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. நமக்கு மிக அருகே, இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில், சீனப் பீங்கான் ஓடுகள் அள்ள அள்ளக் கிடைத்தன. கிண்ணம் வந்துவிட்டது, அதில் ஊற்ற வேண்டியது வரவில்லை. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் மும்மொழிக் கல்வெட்டில், தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் தமிழில் வரிசையாக வருகின்றன. தேயிலை இல்லை. சீனத்திலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் காயலைப் பற்றி விரிவாகச் சொன்ன மார்க்கோ போலோவும் தேநீரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றைய தேயிலை வணிகம் குதிரை இருந்த பக்கமாகப் போனது, பாண்டிய நாடோ தனக்கே குதிரையை அரபுக் கடலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நீராகாரமும் மோரும் பதநீரும் சுக்கு வெந்நீரும் இருந்த ஊரில் இன்னொரு பானத்துக்கு இடமும் இல்லை. ஆண்டாளின் பாவை நோன்பில் விலக்க வேண்டியவையாக நெய்யும் பாலும் வருகின்றன. ஒன்றை விலக்கி நோற்க வேண்டுமென்றால் அது தினமும் வேண்டியிருக்கிற பொருளாக இருக்க வேண்டும். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி நோன்பு இருப்பவரிடம் டீயை விடச் சொல்லிப் பாருங்கள்.

இலை தெற்கே இறங்கியது லண்டன் கணக்குப் புத்தகத்தால். சீனத் தேயிலைக்கு வெள்ளியாகக் கொட்டிக் கொடுத்துக் கட்டுப்படியாகாத கிழக்கிந்தியக் கம்பெனி, அபினி விற்று அந்தக் கணக்கைச் சமன் செய்தது. 1833இல் சீன வணிகத்தில் அதன் தனியுரிமை பறிபோனதும், 1834இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஒரு தேயிலைக் குழுவை அமைத்தார். குழுவின் செயலர் கோர்டன் சீனத்துக்குப் போய் விதை அனுப்பினார். கல்கத்தாவில் முளைத்த சுமார் 42,000 கன்றுகளில் பெரும்பகுதி அசாமுக்கும் குமாவுனுக்கும் போக, 2,000 தென்னிந்தியாவுக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. நீலகிரியில் கேத்தி பண்ணையில் நட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்த சிலவற்றைப் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் மீட்டெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அசாமில் சிங்போ மக்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த உள்ளூர்த் தேயிலையை ராபர்ட் புரூஸ் 1823இலேயே பார்த்திருந்தார். 1839இல் லண்டனில் ஏலம் போன முதல் அசாம் தேயிலை அந்த இனம்தான்.

நீலகிரிக்குச் சீன மனிதர்களும் வந்தார்கள். அபினிப் போரின் கைதிகள் நடுவட்டத்திலும் தியாசோலையிலும் அடைக்கப்பட்டு, தேயிலை பதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது மலையில் இன்றும் சொல்லப்படும் வரலாறு. 1909இல் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளை வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே ஒரு சிறு சீனக் குடியிருப்பைப் பார்த்திருக்கிறார். மலாயாப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள், தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கியவர்கள். தேயிலை ஆசான்களை அங்கே எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். அவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், கொஞ்சம் காபி வளர்த்தார்கள், மாடு வைத்துப் பிழைத்தார்கள் என்கிறார் தர்ஸ்டன். தமிழ் மலையில் குடியேறிய சீனருக்குச் சோறு போட்டது இலையைவிடப் பால்மாடு என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

நம் வட்டாரத்துக்கு டீ நீலகிரியிலிருந்து மட்டும் இறங்கி வரவில்லை. கடல் தாண்டியும் வந்தது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காபிச் செடியில் இலைத்துரு நோய் பரவ, மலைத் தோட்டங்கள் சில ஆண்டுகளில் காபியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்கு மாறின. கங்காணிகள் ஆள் பிடித்தது மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் பக்கங்களில். அந்தப் பழைய ஆவணங்களில் ‘திருநெல்வேலி’ என்று வருவதில் நம் ஊர்களும் அடக்கம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பஞ்சம் விரட்டக் கூலிக்குப் போன தமிழர்கள் உயர்தர இலையைக் கப்பலேற்றிவிட்டு, கழிந்த தூளைக் காய்ச்சி, பாலில்லாத ‘பிளேன் டீ’யாகக் குடித்தார்கள். ஊருக்கு வந்து போகும்போது அந்தப் பழக்கமும் கூட வந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, டீ இல்லாமல் பொழுது விடியாத ஒரு பெருங்கூட்டத்தையும் சேர்த்தே அனுப்பியது.

பீர்மேடு, மூணாறு தோட்டங்களுக்கும் இதே தென் மாவட்டங்கள் ஆள் கொடுத்தன. பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,373 ஏக்கர் வாங்கித் திறந்த மாஞ்சோலைக்கும் இப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரின் அந்தப் பக்கம் மேகமலைத் தோட்டங்கள் இருக்கின்றன. சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் மேகமலைக் காட்டையும் இணைத்து 2021இல் புலிகள் காப்பகம் ஆக்கியதால், வரைபடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேகமலையும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. தேயிலையைப் பார்க்க வேண்டுமானால் மட்டும் தேனி, சின்னமனூர் என்று சுற்றித்தான் போக வேண்டும்.

இனி வெள்ளைக்காரன் ஓசியில் கொடுத்த கதை. 1903இல் சட்டம் போட்டு ஏற்றுமதித் தேயிலைக்கு வரி பிடித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் தொடங்கினார்கள். 1930களின் மந்தத்தில் விலை விழுந்து, 1933இன் சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு அளவு கட்டியபோது, மீந்ததைத் தலையில் கட்ட உள்நாட்டுச் சந்தை அவசரமாகத் தேவைப்பட்டது. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இலவச டீ, ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள். விருதுநகர்–தென்காசி ரயில்பாதை 1927இல் திறந்தபின் நம் இரண்டு ஊர்களும் ரயில் போகும் ஊர்கள். பலகைகளில் சொன்ன செய்முறை, யோசித்துப் பார்த்தால், மிங் காலத்துச் சீன முறை. பானையைச் சூடாக்கு, இலையைப் போடு, வெந்நீர் ஊற்று, ஊறவிடு, இலையைக் கொதிக்கவிடாதே. நம் ஆட்கள் டீயை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டார்கள். தூளைக் கொதிக்கவைத்தார்கள், பாலைக் கூட்டினார்கள், இஞ்சி தட்டிப் போட்டார்கள். இலை குறைவாகச் செலவாகிறதே என்று பிரசாரகர்கள் நொந்துகொண்டார்கள். லூ யூவின் எதிரிகள் ஆயிரம் ஆண்டு கழித்து வேறொரு தேசத்தில் ஜெயித்தார்கள் என்றே சொல்வேன்.

காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், அடையாளமாயிற்று என்பதையும், டீ எப்படி உழைப்பாளியின் பானமாக அதற்குக் கீழே வைக்கப்பட்டது என்பதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் நன்றாகவே காட்டியிருக்கிறார். ராஜபாளையம் அதற்கு ஏற்ற சான்று. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு ஊரின் நேரமே சங்கு ஊதுவதை ஒட்டி மாறியது. நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு லிங்யான் மடத்துத் துறவியின் அதே பிரச்சினை. தூங்கினால் நூல் அறும், சம்பளமும் அறும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்க வழிசெய்தது. மில் வாசல் டீக்கடை அதற்குக் காத்திருக்கவில்லை. இதில் ஒரு முரணும் உண்டு. டீ, காபி இரண்டுமே வேண்டாம் என்று எழுதியவர் காந்தி. அவர் வந்து தங்கிய வீட்டைப் பிறகு காந்தி கலை மன்றத்துக்கே கொடுத்தவர், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா. அவ்வளவு காந்தியம் ஊறிய ஊரிலும் டீ விஷயத்தில் காந்தியின் பேச்சு எடுபடவில்லை.

டீக்கடைக்கு உண்மையில் உயிர் கொடுத்தது ஓர் எந்திரம். 1930இல் அசாமின் அம்குரி தோட்டத்தில் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. உருளை, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுணையாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அது பரவியதும், கொஞ்சம் தூளில் நிறைய கிளாஸ் இறங்கியது. சீன முறை இலையில் பால் ஊற்றினால் டீ காணாமல் போகும், சி.டி.சி. டஸ்ட் பாலோடு மல்லுக்கட்டி நிற்கும். பித்தளை பாய்லர், துணி வடிகட்டியில் இறங்கும் டிக்காஷன், பக்கத்தில் கொதித்துச் சுண்டும் பால், ‘சீனி கம்மி’, ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டு வாங்கும் கிளாஸ் எல்லாம் இந்தத் தூளைச் சுற்றி அமைந்தவை. மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றும்போது எழும் நுரையைப் பார்த்தால் ஹுய்சோங் நின்று பார்த்திருப்பார். சோங் காலத்துக்குப் பிறகு சீனர்கள் கைவிட்ட நுரை அது.

பாலுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மலையடிவாரத்து மேய்ச்சலும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து பாலைக் குவித்த ஊரில், கறந்த பால் கெடுவதற்குள் காசாக வேண்டும். கோவாவாகச் சுண்டவைப்பது ஒரு வழி, டீக்கடைக்கு ஊற்றுவது இன்னொரு வழி. தேயிலை வரலாறு எழுதுகிறவர்கள் தோட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். பால் எங்கே தினமும் தட்டில்லாமல் கிடைத்ததோ அங்கேதான் டீ ஊன்றியது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் வீட்டில் கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு, பால் டீக்குக் கடைக்கு வருவதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். வீட்டுப் பால் விற்பனைக்கு. கடைப் பால் குடிப்பதற்கு.

எல்லோரும் ஒரே கிளாஸில் குடிக்கவில்லை என்பதையும் எழுதாமல் விட முடியாது. தென் மாவட்டக் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குவளை, சில இடங்களில் சிரட்டை, குடித்துவிட்டுத் தானே கழுவி வைக்க வேண்டும் என்பது கண்கூடான வழக்கம். அதை எதிர்த்த போராட்டங்களும் டீக்கடை வாசலிலேயே நடந்தன. இலங்கைத் தோட்டத்தில் அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகளில் பெரும்பகுதி இதே மக்களுடையவை. சீனத்திலும் தேநீர் படிநிலை பார்த்ததுதான். அரசருக்கு மொட்டு, குடியானவனுக்கு முற்றிய இலை. ஆனால் ஒரே பாய்லரிலிருந்து ஒரே டீயை ஊற்றிக் குவளையை மட்டும் பிரித்தது நம் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்குச் சீனாக்காரனையும் வெள்ளைக்காரனையும் காரணம் காட்ட வழியில்லை.

இப்போது ராஜபாளையத்து சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் பச்சைத் தேயிலைப் பைகள் வந்துவிட்டன. சர்க்கரை நோயும் தொப்பையும் வாங்க வைக்கின்றன. பாலில்லை, சீனியில்லை, வெந்நீரில் ஊறவைத்தால் போதும். எனாமல் பலகைகள் முப்பதுகளில் கெஞ்சிச் செய்ய முடியாததை ரத்தப் பரிசோதனைச் சீட்டு செய்துகொண்டிருக்கிறது. சீன நகரங்களிலோ, 1980களில் தைவானில் பிறந்த, ஜவ்வரிசி உருண்டை போட்ட பால் டீக்கு இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதில் பால் தாராளம், சர்க்கரை அதைவிடத் தாராளம். சூடாகத்தான் இல்லை, அதை மட்டும் நம் டீ மாஸ்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.